முழங்காலுக்குக் குறி

அறுபத்திரண்டு பேர் சுட்டார்கள். நாற்பத்தொரு பேர் தேறவில்லை. அந்த வருஷம் நடந்தது அவ்வளவுதான்.

உங்கள் மலரில் போட இது போதுமென்றால் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். போதாது என்று முகத்திலேயே தெரிகிறது. சரி, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும்.

காவலர் பயிற்சிப் பள்ளிக்கு ஐம்பது வருஷம் ஆனால் மலர் போடத்தான் செய்வார்கள். பழைய ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசவும் சொல்வார்கள். எனக்குப் பேச வராது. ஏட்டு சங்கிலிக்குப் பேச வராது என்பது பள்ளிக்கே தெரியும். அதனால்தான் பேசத் தெரிந்த ஒருவரை எனக்கு மேலே கொண்டுவந்து வைத்தார்கள்.

சுபேதார் ஞானதிரவியம். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஆயுதப் பாடம் முழுக்க அவர் பொறுப்பு. நான் அவருக்கு உதவி. எனக்கு அப்போது ஆயுதப்படையில் இருபத்தாறு வருஷம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மனிதர் நல்லவர். அதை எழுதிக்கொள்ளுங்கள். எவனுக்காவது காய்ச்சலென்றால் கஞ்சி போய்ச் சேர்ந்ததா என்று தானே நடந்து போய்ப் பார்ப்பார். கை நீட்ட மாட்டார். கெட்ட வார்த்தை வராது. பேச்சு மட்டும்தான் வரும். மே மாதம், தகரக் கொட்டகை, மதியச் சோறு தின்றுவிட்டு வந்த அறுபத்திரண்டு பேர். ஒரு மணி நேரம் ஒருத்தன் கண்ணை மூட மாட்டான். என் வகுப்பில் தூங்குவார்கள். தூங்கட்டுமே. நான் சொல்வது எல்லாம் புத்தகத்தில் இருந்தது.

அவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

காதோரம் குண்டு போனாலே போதும், அந்தக் காற்றடித்து ஆள் விழுந்துவிடுவான் என்பார். எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக் குண்டு ஒன்று வரிசையாக நிற்கிற ஏழு பேரைத் துளைத்துவிட்டு எட்டாவது ஆளின் சட்டையில் பட்டு நிற்கும் என்பார். கையெறி குண்டின் ஊசியைப் பல்லால் கடித்து இழுப்பது எப்படி என்று வாயைத் திறந்து காட்டுவார். அறுபத்திரண்டு வாயும் கூடவே திறக்கும். எனக்குக் காலெல்லாம் வலிக்கும், நின்று நின்று.

பொய் சொல்கிறவர் இல்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். பொய் சொல்கிறவனை ஒரு பார்வை பார்த்தால் போதும், நிறுத்திக்கொள்வான்.

நேராகச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்? ஆறா. சரி.

மேலதிகாரியைத் திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அது எனக்குத் தெரியும். பள்ளியில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. இப்போதும் இருக்கலாம். பாடம் முடிந்ததும் எடுத்தவர் “சந்தேகம் உண்டா?” என்று கேட்பார். பயிற்சிக்காரன் எவனும் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் மைதானத்தைச் சுற்ற வேண்டிவரும் என்று பயம். யாருமே கேட்காவிட்டால் பாடம் எடுத்தவருக்கு அழகில்லை. ஆகவே உதவிக்கு நிற்கிற ஏட்டு விறைப்பாக ஓர் அடி முன்னால் வந்து ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்று சில பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் உண்டு. சுபேதார் ஐயா அப்படிப் பேசி வைப்பதில்லை. என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்.

நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். தப்பு என்று சொல்லாமல், தப்பு அவருக்கே தெரிகிற மாதிரி ஒரு கேள்வி. மரியாதையும் கெடாது, விஷயமும் நேராகும். இதற்கெல்லாம் அனுபவம் வேண்டும்.

கையெறி குண்டுப் பாடம் முடிந்ததும் கேட்டேன், “ஐயா, அந்த ஊசி கெட்டியாக இருக்குமே, பல்லால் இழுத்தால் பல் போய்விடாதா?” என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு தலையை ஆட்டினார்.

“நல்ல கேள்வி கேட்டீரு ஏட்டு. அதுக்காகத்தான் ராணுவத்துல ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் பல் டாக்டர் தனியா இருக்காரு, பாத்துக்கிடுங்க.”

அறுபத்திரண்டு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

ஏழு பேரைத் துளைக்கிற குண்டுக்கு வேறு மாதிரி கேட்டேன். ஏழு பேரும் ஒரே உயரமாக இருந்தால்தானே ஐயா என்றேன். எதிரி நாட்டில் உயரம் அளந்துதான் ஆள் எடுக்கிறார்கள், அதுதான் அவர்கள் செய்கிற பெரிய தப்பு என்றார். அதையும் குறித்துக்கொண்டார்கள். நான் விடவில்லை. வாரத்துக்கு மூன்று வகுப்பு, மூன்று கேள்வி. ஒவ்வொன்றும் நயமான கேள்வி. இப்போது நினைத்தாலும் ஒரு கேள்வியில்கூடக் குற்றம் சொல்ல முடியாது.

பிறகு அந்தப் பாடம் வந்தது. குண்டு எழும்புகிற பாடம்.

குழல் வாயை விட்டுக் கிளம்பியதும் குண்டு பறவை மாதிரி மேலே எழும்பும், கொஞ்ச தூரம் போன பிறகுதான் இறங்கும் என்றார். இதைப் பல பேர் நம்புகிறார்கள். நீங்களும் நம்புகிறீர்கள் போலிருக்கிறது. குண்டு தானாக எழும்பாது தம்பி. வாயை விட்ட நிமிஷத்திலிருந்து விழத்தான் பார்க்கும். ரைஃபிளின் பின்பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் இருநூறு, முந்நூறு என்று எண் போட்டிருக்கும். எவ்வளவு தூரமோ அந்த எண்ணில் வைத்தால், நாம் நேராகப் பார்க்கும்போது குழல் ஒரு மயிரிழை அண்ணாந்திருக்கும். அண்ணாந்ததால் மேலே போகிறது. விழுவதற்குள் இலக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் சுடுதளம் இருநூறு மீட்டர், அந்தக் கடைசியில் இலக்காக ஆள் பொம்மை நிற்கும். தகட்டை இருநூறில் வை, பொம்மையின் நெஞ்சைப் பார், சுடு. நெஞ்சில் படும். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

அவர் எழும்பும் என்று மட்டும்தான் சொன்னார். எழும்பினால் எழும்பட்டும். கதையாகக் கேட்டுவிட்டு நெஞ்சைப் பார்த்துச் சுட்டிருப்பார்கள். ஆனால் பாடம் தப்பாயிற்றே. சந்தேகம் உண்டா என்றார். நான் ஓர் அடி முன்னால் வந்தேன்.

“ஐயா, எழும்புகிறது என்றால், இருநூறு மீட்டரில் எவ்வளவு எழும்பும் ஐயா?”

எண் கேட்டால் தடுமாறுவார் என்று கணக்குப் போட்டேன். எண் எங்கேயும் கிடையாது அல்லவா. அவர் தடுமாறவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். பலகையில் பொம்மை வரைந்தார். இரண்டடி எழும்பும் என்றார். அதனால் நெஞ்சில் பட வேண்டுமென்றால் எங்கே பார்க்க வேண்டும்? நெஞ்சிலிருந்து இரண்டடி கீழே. முழங்கால்.

“இனிமே நம்ம தளத்துல முழங்காலுக்குத்தான் குறி. ஏட்டு கேட்டதுனால நானும் கணக்கா யோசிச்சேன்.”

என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்தக் கேள்விதான் எல்லா வினைக்கும் காரணம் என்று துப்பாக்கி பழுதுபார்க்கிற மூக்கையா பின்னால் பேசிக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் முகத்துக்கு நேரேயும் சொன்னான், “நீரு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவரு வானத்தைப் பாத்துப் பேசிட்டுப் போயிருப்பாரு” என்று. மூக்கையாவுக்கு மேலதிகாரிகளோடு பழக்கம் கிடையாது. எண்ணெய்த் துணியோடு பழக்கம். நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. சுடும் பாடப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, விரித்தபடி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலைக் கவாத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். ஏட்டு தன் புத்தகத்தை என் மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டார், உள்ளே கோடு கோடாகப் போட்டிருக்கிறது, இந்த வயதிலும் எப்படிப் படிக்கிறார் பாருங்கள் என்றார். கை தட்டச் சொன்னார். தட்டினார்கள்.

பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது ஒரு கதை சொன்னேன். எனக்குக் கதை வராது. இருந்தாலும் சொன்னேன். எங்கள் ஆயுதப்படையில் முன்பு ஓர் அதிகாரி இருந்தார், கேள்விப்பட்டதையெல்லாம் பாடமாக எடுப்பார், கடைசியில் பட்டாளமே கெட்டது என்று. முழுக்கக் கேட்டுக்கொண்டார். “பாவம், சொல்லுகதுக்கு ஆளில்லாம போயிருக்கு அவருக்கு” என்றார். இன்னொரு டீ சொன்னார்.

இதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவு நயமாகச் சொல்ல முடியும்?

தவசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அந்த அறுபத்திரண்டில் ஒருவன், ஆனால் இரண்டாம் தடவை வந்தவன். முந்தின அணியில் டைஃபாய்டில் கிடந்து, எழுந்து வந்து கை நடுங்க நடுங்கச் சுட்டுத் தவறிவிட்டான். மறுபடியும் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். இதிலும் தவறினால் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வயது இருபத்தொன்பது. இனி எந்தத் தேர்வும் எழுத முடியாது. பெண்டாட்டி மாசமாக இருந்தாள். நான் பார்த்த அணிகளில் அவன் அளவுக்குக் கை நிதானமானவன் இரண்டோ மூன்றோ பேர். பாடம் நடப்பதற்கு முன்னால், பழகுவதற்குச் சுட்டபோது, ஐந்தும் நெஞ்சில். ஒரு கைக்குட்டையால் மூடிவிடலாம். அப்படிச் சுட்டவன்.

முழங்கால் பாடம் நடந்த அன்று சாயந்திரம் துப்பாக்கி துடைக்கிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏட்டய்யா, எனக்கு மட்டும் சொல்லுங்க. நெஞ்சா, முழங்காலா?”

ஒரு தளத்தில் இரண்டு குரல் கேட்கக் கூடாது. ஒருவர் நெஞ்சு, ஒருவர் முழங்கால் என்றால் ஒழுங்கு போய்விடும். ஒழுங்கு போன பிறகு நெஞ்சில் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன.

“ஐயா சொன்னதைச் செய்” என்றேன்.

சரிங்கய்யா என்று போய்விட்டான். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சியில் எல்லோரும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் ஒத்திகை. தேர்வு மாதிரியே எல்லாம். முழங்கால் பாடத்துக்குப் பிறகு அன்றுதான் தளத்தில் சுட்டார்கள். அதில்தான் நாற்பத்தொரு பேர். தேறிய இருபத்தொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சுட்டவர்கள், அல்லது பாடத்தன்று காய்ச்சலென்று வராதவர்கள். ஒழுங்காகக் கேட்டவன், ஒழுங்காகக் குறி பார்த்தவன் அத்தனை பேரும் தவறிவிட்டார்கள். தவசிக்குச் சுழியம். ஒரு குண்டுகூட மார்புக் கட்டத்துக்குள் இல்லை. எழுந்து, துப்பாக்கியைக் காலி செய்து காட்டிவிட்டு, தன் இடத்தில் போய் நின்றான்.

சுபேதார் ஐயா காரணம் தேடினார். காற்று என்றார். காற்றே இல்லை. துப்பாக்கிகள் பழசு என்றார். மூக்கையா முறைத்தான். காலையில் பொங்கல் போட்டிருக்கக் கூடாது, வயிறு தரையில் அழுந்தினால் மூச்சு ஏறும் என்றார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பிறகு என் பக்கம் திரும்பினார், “எங்க தப்பு ஏட்டு?” என்று. முதல் தடவையாகக் கேட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வைத்தா சொல்வது? “யோசிக்கிறேன் ஐயா” என்றேன். அடுத்த வகுப்புக்கு ஒரு கேள்வி மனதில் தயாராகிக்கொண்டிருந்தது. இதுவரை கேட்டதிலேயே நயமான கேள்வி.

அப்போது விசில் ஊதி, சிவப்புக் கொடியை இறக்கி, பொம்மைகளுக்குக் கீழே மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்திலிருந்து ஆட்களை மேலே வரச் சொன்னார்கள். பள்ளத்தில் பொம்மையை ஏற்றி இறக்க இரண்டு காவலர்கள் இருப்பார்கள். கூட ஓர் அம்மா. பொம்மையில் விழுந்த ஓட்டையின் மேல் மைதாப் பசை தடவிக் காகிதத் துண்டு ஒட்டுவது அவள் வேலை. அடுத்த ஆள் சுடுவதற்குப் பொம்மை புதுசாக இருக்க வேண்டுமல்லவா. பதினான்கு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். தினக்கூலி. பசைக்காரம்மா என்போம்.

அந்த அம்மா இருநூறு மீட்டரும் வெயிலில் நடந்து வந்தாள். தலை, முகம், சேலை எல்லாம் செம்மண். இடுப்பில் பசைச் சட்டி. நேரே சுபேதார் ஐயாவிடம் போனாள். சட்டியை அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பாருங்கய்யா. பசை பூரா மண்ணு. இதை வச்சு நான் என்னத்தை ஒட்ட?”

நான் அவளைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மண் எப்படி விழுந்தது என்று அவர் கேட்டார். முழங்காலுக்குக் கீழே போகிற குண்டெல்லாம் மேட்டில் குத்துகிறது, மேட்டு மண் தலையில் கொட்டுகிறது என்றாள். இத்தனை வருஷத்தில் இப்படிக் கொட்டியதில்லை என்றாள். அதை ஒரு குறையாகத்தான் சொன்னாள், வேலை கெட்டுப்போச்சே என்று. அதோடு நிறுத்தியிருந்தால் அவர் மேட்டைக் கெட்டிப்படுத்தச் சொல்லி ஆள் அனுப்பியிருப்பார்.

“எனக்கு ஒண்ணு தோணுதுய்யா. சொல்லவா?”

சொல்லும்மா என்றார்.

“பேசாம பொம்மையை ரெண்டடி கீழே இறக்கி நட்டுருவமா? நெஞ்சு வந்து முழங்கால் இருக்கிற எடத்துல நிக்கும். இந்தப் புள்ளைக சுடுறது பூரா நெஞ்சுலயே படும்ல.”

எவனோ ஒருவன் பின்வரிசையில் சிரித்துவிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன், அடங்கிவிட்டான். சுபேதார் ஐயா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குண்டு மேல ஏறி வரலியாம்மா?” என்றார். சத்தமே இல்லை அவர் குரலில்.

“ஏறியா? எங்கிட்டுய்யா ஏறுது? முன்னயிருந்த ஐயா நெஞ்சைப் பாக்கச் சொல்லுவாரு, நெஞ்சுல படும், நான் நெஞ்சுல ஒட்டுவேன். நீங்க முழங்காலைப் பாக்கச் சொல்லியிருக்கீக, முழங்கால்ல படுது. அந்தா, அந்த ஒசரமான தம்பி” என்று தவசியைக் காட்டினாள். “அஞ்சும் ஒரே முழங்கால்ல. ஒரு காகிதம் போதும், அஞ்சு ஓட்டைக்கும். எல்லாம் சொன்ன பேச்சுக் கேக்குற புள்ளைகய்யா. சொன்ன எடத்துலதான் அடிக்கிதுக.”

இப்படியா பேசுவது ஒரு சுபேதாரிடம். முன்னால் ஒரு மரியாதை இல்லை, பின்னால் ஒரு மரியாதை இல்லை. கேள்வியாகவாவது கேட்டிருக்கலாம்.

சுபேதார் ஐயா திரும்பினார். தவசியிடம் கையை நீட்டி ரைஃபிளை வாங்கினார். அந்த அம்மாவைக் கொட்டகை நிழலில் உட்காரச் சொன்னார். பள்ளத்துக்குக் காவலர்கள் மட்டும் போனார்கள். கொடி ஏறியது. அந்த வெயிலில், அந்த வயதில், தரையில் படுத்தார். முழங்காலைப் பார்த்து ஐந்து. பொம்மையை இறக்கிப் பார்த்துவிட்டுக் பட்ட இடத்தைக் காட்டுகிற கம்பை உயர்த்தினார்கள். ஐந்தும் முழங்கால். பிறகு நெஞ்சைப் பார்த்து ஐந்து. ஐந்தும் நெஞ்சு. மனிதர் நன்றாகச் சுடுவார். அதை நான் அதுவரை நம்பவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் எல்லோரையும் பார்த்தார்.

“நான் சொன்னது தப்பு. நெஞ்சுக்குக் குறி வைங்க. எல்லாரும் மறுபடி சுடணும். தவசி, நீ மொதல்ல வா.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் நாலு மாதம் கேள்வி கேட்டேன்.

தவசி ஐந்தில் ஐந்து. தேர்வன்று ஐம்பத்தொன்பது பேர் தேறினார்கள். மீதி மூன்று பேர் எதைச் சொல்லிக் கொடுத்திருந்தாலும் தேறியிருக்க மாட்டார்கள். தவசி இப்போது எங்கேயோ சார்பு ஆய்வாளராக இருக்கிறானாம். என்னைப் பார்க்க வந்ததில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

சுபேதார் ஐயா அதற்குப் பிறகு பல்லால் ஊசி இழுப்பதையும் நிறுத்திவிட்டார். ஏழு பேரைத் துளைப்பதையும் விட்டுவிட்டார். என் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் படித்தார். அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டி, இதை ஏன் ஏட்டு நீர் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டார். சொன்னேனே ஐயா, என் முறையில் சொன்னேன் என்றேன். பிறகு வகுப்பில் சந்தேகம் கேட்கிற வேலையை மூக்கையாவிடம் கொடுத்துவிட்டார். வகுப்பில் பிறகு சில பேர் தூங்க ஆரம்பித்தார்கள்.

என் பணி ஓய்வு விழாவில் என்னைப் பற்றிப் பேசிய ஒருவர், அணியைக் காப்பாற்றியது ஏட்டின் அனுபவம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. விழாவில் எழுந்து மறுப்பது மரியாதை இல்லை. உங்கள் காதுக்கு வந்ததும் அதுதான்.

நான் களைத்துவிட்டேன் தம்பி. போதும். அணியைக் காப்பாற்றியவர் என்று தாளில் என் பெயரை எழுதியிருக்கிறீர்கள், அதை அடியுங்கள். பதவி என்ன போடுவது என்றா கேட்கிறீர்கள்? பசை ஒட்டுகிற அம்மாவுக்கு ஏது பதவி? வெறும் பேர் போடுங்கள். ஒச்சம்மாள்.